நட்சத்திரம் அறுத்த சின்னம்: தொய்யென் நிலவறைக்கு ஒரு ஞாயிற்றுப் பயணம்

பனையை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கும். பனை ஏறியவனைப் பிடிக்காது.

இது என் அபிப்பிராயம் இல்லை, நடப்பு. ஒஸ்லோவில் எந்தத் தமிழ் விழாவுக்குப் போனாலும் பனை நிற்கும். மேடைத் திரையில் நிற்கும், விளையாட்டுப் போட்டிச் சட்டையில் நிற்கும், விழா மலரின் அட்டையில் நிற்கும். அந்தப் பனையில் ஒரு மனிதன் ஏறிக்கொண்டிருப்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. எங்களுடைய பனைகளில் கள் தானாக இறங்கி வரும்போல.

வழக்கமாக இந்த வலைப்பதிவில், கையில் காசு குறைவாக இருக்கும் வார இறுதியில் ஒஸ்லோவைச் சுற்றி எங்கே போகலாம் என்று எழுதுவேன். இந்த முறையும் அதுதான். பத்துக் கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும் பயணம், போய்ப் பார்த்தது ஒரு நிலவறை. ஆனால் இதை எழுத மூன்று வாரம் இழுத்தடித்தேன். காரணம் வெட்கம். அது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

போனதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன். நான் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். பள்ளியின் பழைய சின்னம் கணினியில் யாரோ அவசரத்தில் ஒட்டிய படம், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கோடை விளையாட்டுப் போட்டிக்கு முன் புதிது வேண்டும் என்று ஸ்டீர முடிவெடுத்தது. (ஸ்டீர என்றால் நிர்வாகக் குழு. நோர்வேயில் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு ஸ்டீர அமைத்துவிடுவோம்.) அதன் செயலாளர் என் அப்பா. கீறித் தரும் பொறுப்பு நிரோசனுக்கு வந்தது. நிரோசன் என்னோடு படிப்பிப்பவன், புருசெத்தில் பிறந்து வளர்ந்தவன், கட்டட வரைபடம் கீறுவதுதான் அவனுடைய தொழில்.

அவன் கீறியது இது: நடுவில் ஒரு பனை. உச்சியில் இரண்டு கள்ளு முட்டி, கள் வடிந்து விழும் மண்பானைகள். அடியில் விரித்த புத்தகம். புத்தகத்தையும் பனையையும் சுற்றி, மாலைபோல, ஒரு தளைநார். பனை ஏறுபவர்கள் இரண்டு காலையும் சேர்த்துப் போடும் நார் வளையம் அது. அதற்குக் கீழே பாளை சீவும் கத்தி. பார்த்தவுடனே எனக்குப் பிடித்தது. ஸ்டீரவுக்குப் பிடிக்காது என்பதும் பார்த்தவுடனே தெரிந்தது.

"எங்கையிருந்து எடுத்தனீ உந்த ஐடியாவை?" என்று கேட்டேன்.

"மசிடோனியா" என்றான். "சோசலிசக் காலத்துச் சின்னம். அவங்கள் விளைச்சலையே மாலையாக் கட்டினவங்கள். ஒண்டு தொய்யெனிலை தொங்குது, வந்து பார்."

தொய்யென் பக்கத்தில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் நிலவறையில், எழுபதுகளில் யூகோஸ்லாவியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நடத்தும் சிறிய சங்கம் ஒன்று இருக்கிறது. யூகோஸ்லாவியா இல்லாமல் போய்விட்டது, சங்கம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தைத் திருத்தும் வேலைக்கு வரைபடம் கீறப் போனபோதுதான் நிரோசன் அந்தச் சின்னத்தைக் கண்டிருக்கிறான். அப்பாவையும் கூட்டிப்போனால் ஸ்டீரவில் ஒரு குரலாவது எங்கள் பக்கம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம். வியாழக்கிழமை கூட்டம். அதற்கு முந்திய ஞாயிறு போனோம்.

மே தினம் முடிந்த வார இறுதி அது. விளக்குக் கம்பங்களில் ஊர்வலச் சுவரொட்டிகள் பாதி கிழிந்து தொங்கின. பேர்ச் மரங்கள் துளிர்விட்டிருந்தன. நானும் நிரோசனும் புருசெத்தில் பகல் பன்னிரண்டரைக்கு ரி-பானே ஏறினோம். ரி-பானே என்றால் இங்கத்தைய சுரங்க ரயில். இரண்டாம் இலக்கத் தடம், நேராகத் தொய்யென், மாறி ஏறத் தேவையில்லை, கால்மணி நேரம்தான். ஒரு வலயச் சீட்டு நாற்பது குரோனருக்குச் சற்று மேல். விலை வருடா வருடம் ஏறுவதால் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா லோறென்ஸ்கூக்கிலிருந்து காரில் வந்தார். வந்தவர், வாகனம் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, முதல் வார்த்தையாக, "உந்தச் சின்னத்தைப் பாக்கிற காசுக்கு ஒரு சின்னம் வாங்கலாம்" என்றார். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நிரோசன் என் காதில் சொன்னான்.

நிலையத்திலிருந்து நடக்கிற வழியில் நிலத்தைப் பாருங்கள். ஒஸ்லோவின் இரும்புச் சாக்கடை மூடிகளில் நகரச் சின்னம் வார்க்கப்பட்டிருக்கும். புனித ஹால்வார்ட் என்பவர் உட்கார்ந்திருப்பார். கையில் அம்புகள், இன்னொரு கையில் திரிகைக்கல், காலடியில் ஒரு பெண். திருடி என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் படகில் ஏற்றிக் காப்பாற்றப் பார்த்தாராம். துரத்தி வந்தவர்கள் அம்பால் எய்து கொன்று, கழுத்தில் திரிகைக்கல்லைக் கட்டித் தண்ணீரில் போட்டார்களாம். கொன்ற ஆயுதங்களும் அந்தப் பெண்ணும் அப்படியே சின்னத்தில் ஏறிவிட்டார்கள். நான் இருபத்தைந்து வருடம் அதன்மேல் நடந்திருக்கிறேன். குனிந்து பார்த்தது அன்றுதான்.

நிலவறைக் கதவைத் திறந்தவர் வெஸ்னா. சங்கத்தின் பொருளாளர், எழுபதைத் தாண்டியவர், சிவப்புச் சாயம் பூசிய தலைமுடி. நோர்வே மொழியில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான், அதனால் அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நீதான் அந்தக் கோடு போடுகிற பையன். இவள் உன் மனைவியா?"

"இல்லை" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

"நல்லது. அவசரப்படாதே" என்றார் என்னைப் பார்த்து.

சின்னம் எதிர்ச் சுவரில் இருந்தது. ஒரு மீற்றர் அகலமான மரச் செதுக்கல், மேலே நிறம் தீட்டியது. இரண்டு பக்கமும் வளைந்து மேலே போகிற மாலை: கோதுமைக் கதிர், புகையிலை இலை, பொப்பிக் காய். ஓம், அபின் எடுக்கிற அதே பொப்பிதான். அதையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். கீழே மாலையைக் கட்டும் நாடாவில் ஊர்ப் பெண்களின் தையல் வேலைப்பாடு. நடுவில் ஒரு மலை, தண்ணீர், எழும்பும் சூரியன். உச்சியில் சிவப்பு நட்சத்திரம் இருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்த இடத்தில் வார்னிஷ் இல்லாத வெட்டு முகம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

கொஞ்சம் வரலாறு, தேவையில்லாதவர்கள் அடுத்த பந்திக்குப் போங்கள். மசிடோனியா யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் ஒன்று. இந்தச் சின்னம் 1946இல் வந்தது. கூட்டாட்சிக்குத் தனியாக ஒரு சின்னம் இருந்தது: சேர்ந்து எரியும் பந்தங்கள். முதலில் ஐந்து இனத்துக்கு ஐந்து பந்தம், 1963இல் ஆறு குடியரசுக்கு ஆறாக்கினார்கள். அந்த நாடு தொண்ணூறுகளில் எரிந்து சிதறிய பிறகு மற்றக் குடியரசுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சோசலிசச் சின்னங்களைக் கழற்றி எறிந்தன. மசிடோனியா வைத்துக்கொண்டது. நட்சத்திரத்தை மட்டும் 2009இல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து நீக்கினார்கள். மிச்சம் இன்றைக்கும் அந்த நாட்டின் சின்னம்தான்.

"நடுவில் என்ன மலை?" என்று அப்பா கேட்டார். அவருக்கு மலையைப் பற்றித் தெரியாவிட்டால் வெஸ்னா ஊற்றித் தந்த கோப்பி இறங்காது. நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை, அப்பாவின் நோர்வே மொழி என்னுடையதைவிடத் திருத்தமானது.

"பத்து மசிடோனியனைக் கேட்டால் பத்து மலை சொல்லுவான்" என்றார் வெஸ்னா. "அதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கிறது."

"அங்கே அல்பேனியர்களும் இருக்கிறார்களே. அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" இது நான். சின்னம் என்று எதைக் கண்டாலும் அதில் இல்லாதவர்களை முதலில் தேடுவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். இலங்கைக் கொடியின் சிங்கத்துக்குக் கீழே வளர்ந்த இனம்.

வெஸ்னா சிரித்தார். "மலை. அவர்களுக்கும் மலை." பிறகு சிரிப்பு நின்றது. "அதை நாங்கள் கேட்டதில்லை" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அந்தச் சின்னம் புனிதமானது என்று நான் இங்கே விற்க வரவில்லை.

அப்பா சுவருக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "உது பார் பிள்ளை, புகையிலை! எங்கடை யாழ்ப்பாணத்துப் புகையிலை மாதிரியே. இலை நரம்பைக்கூட விடேல்லை." கைப்பேசியை எடுத்து நாலு கோணத்தில் படம் பிடித்தார்.

"இலை அழகாகப் பச்சையாக இருக்கிறது, இல்லையா?" என்றார் வெஸ்னா. "என் அம்மா அந்த இலையை ஊசியால் கோத்துக் கோத்து, கை தார் பூசினதுபோலக் கறுத்துப்போய் இருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அரசாங்கம் இலையைச் சின்னத்தில் வைத்தது. கையை வைக்கவில்லை."

நிரோசன் இதற்காகவே காத்திருந்தவன்போலத் தன் படத்தை மேசையில் விரித்தான். "அதுக்குத்தான் அங்கிள், நான் தளைநாரைக் கீறினது. மரம் மட்டும் எண்டால் அது தோட்டம். நார் இருந்தாத்தான் அதிலை ஆள் இருக்கு."

அப்பா படத்தைப் பார்த்தார். நிரோசனை அவர் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார், எங்களில் வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதை அது. "வடிவாத்தான் கீறியிருக்கிறீங்கள், மாஸ்டர். அதிலை பிழை இல்லை. ஆனா சின்னப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம். கயிறும் கத்தியும்…"

"இந்த நகரத்தின்ரை சின்னத்திலை அம்பும் கொலைக்கல்லும் இருக்கு, அங்கிள். நீங்கள் கார் நிப்பாட்டின இடத்திலையும் இருந்தது. பிள்ளையள் அதுக்கு மேலைதான் பள்ளிக்கூடம் போகுதுகள்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரன். சரி. வியாழக்கிழமை நானே கதைக்கிறன்." எனக்கு அப்பாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

கிளம்புமுன் வெஸ்னாவிடம் நட்சத்திரம் எங்கே என்று கேட்டேன். அவர் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கதவு அடிபடாமல் இருக்க, கீழே ஐந்து முனையோடு ஒரு சிவப்பு மரக்கட்டை செருகியிருந்தது.

"நாட்டில் எடுத்த பிறகு இங்கேயும் கூட்டம் போட்டோம். கதிரைகூடப் பறந்தது. கை தூக்கி வாக்கெடுத்தோம். நான் கை தூக்கினேன், அறுக்கலாம் என்று. என் கணவர் தூக்கவில்லை. ஒரு மாதம் அவர் எனக்குக் கோப்பி ஊற்றவில்லை."

"இப்போது யோசித்தால்?"

"சில நாள் சரி என்று நினைப்பேன், சில நாள் பிழை என்று. ஆனால் நான்தான் கை தூக்கினேன். வருகிற எல்லாருக்கும் சொல்லுவேன். மற்றவர்கள் கண்ணுக்கு முன்னால்தானே தூக்கினேன்?"

திரும்பும்போது அப்பா எங்களைக் காரில் ஏற்றினார். நான் முன்னால், நிரோசன் பின்னால். ஹெல்ஸ்பீர் தாண்டியதும் அப்பா கண்ணாடியில் அவனைப் பார்த்துக் கேட்டார்: "மாஸ்டர், கன நாளாக் கேக்கோணும் எண்டு இருந்தனான். நீங்கள் ஊரிலை எவடம்?"

"புருசெத், அங்கிள். நாலாம் மாடி."

"பகிடி விடாதேங்கோ. அப்பா அம்மாவின்ரை ஊர்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணம் பெரிசெல்லோ. அதிலை எவடம்?"

நிரோசன் ஊரின் பெயரைச் சொன்னான்.

"ஓ, அங்கையோ! அங்கை எனக்கு ஆக்களைத் தெரியும். கோயிலடியோ, கடற்கரைப் பக்கமோ?"

வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது சுகம் விசாரிப்பதுபோல இருக்கும். எங்களில் எவருக்கும் அப்படி இருக்காது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, என்ன செய்தவர்: மூன்று கேள்விக்குள் ஆளை எந்தப் படியில் நிறுத்துவது என்று முடிவாகிவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். வெள்ளைக்காரர் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு அன்பான மனிதர்கள் என்று நினைப்பார்கள். நான் அடுத்த கேள்வி வருவதற்கு முன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "அப்பா, ரேடியோவைப் போடட்டோ?" என்றுதான் வந்தது.

அவர் கேட்டுவிட்டார். "அப்பப்பா என்ன செய்தவர்?"

"பனை ஏறினவர், அங்கிள். கள்ளுச் சீவினவர். அதாலைதான் முட்டி எந்தப் பக்கம் சரியும் எண்டு எனக்குத் தெரியும்."

நான் ரேடியோவைப் போட்டேன். காலநிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது, கிழக்குப் பகுதியில் மழை. அப்பா, "உதிலை கமரா இருக்கு" என்று வேகத்தைக் குறைத்தார். பிறகு புருசெத் திருப்பம் வந்தது. திருப்பத்தில் கேட்டார்: "தம்பி, நீர் எவடத்திலை இறங்கப்போறீர்?"

மதியத்திலிருந்து எங்களோடு வந்த 'மாஸ்டர்' அல்நாபுரு அளவில் எங்கேயோ இறங்கிவிட்டார். நிரோசன் "இதிலையே விடுங்கோ, நன்றி அங்கிள்" என்று இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினான். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நல்ல பெடியன்" என்றார் அப்பா. நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

வியாழக்கிழமை இரவு பள்ளியின் வட்ஸ்அப் குழுவில் புதிய சின்னம் வந்தது. பனை இருந்தது. புத்தகம் இருந்தது. பனை உச்சியில் முட்டிகளுக்குப் பதிலாகக் குத்துவிளக்கு ஒன்று வந்திருந்தது. தளைநாரும் கத்தியும் இல்லை. கீழே, "பிள்ளைகளுக்கு விளங்கும் வகையில் எளிமையாக்கி, ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று இருந்தது. கைதட்டல், பூங்கொத்து, இதயம் என்று வரிசையாக விழுந்தன. நிரோசனும் ஒரு கட்டைவிரல் போட்டான். எனக்குத் தனியாக எழுதினான்: "விளக்கை வைக்கிறது எண்டால் அதைக் கொளுத்த ஆரும் பனையிலை ஏறோணுமே."

அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. இரண்டு சனிக்கிழமை கழித்து அந்தச் சின்னம் அச்சிட்ட சட்டைகள் வந்தன. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தோளில் வைத்து அளவு பார்த்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தது அவன்தான். நான் பக்கத்தில் நின்று பெட்டி உடைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு காலைநேரம் இருந்ததில்லை. எனக்கும் ஒரு சட்டை தந்தார்கள். அது இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை.

சரி, போக நினைப்பவர்களுக்கு. சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை. கோப்பிக்கு இருபது குரோனர் தகரப் பெட்டியில் போடுங்கள், போடாவிட்டால் வெஸ்னா உங்களை ஞாபகம் வைத்திருப்பார். சரியான முகவரியை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எனக்கு எழுதினால் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். கட்டடம் திருத்தும் வேலை இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது, அதற்கு முன் போங்கள். படிகள் செங்குத்து, மின்தூக்கி கிடையாது. எந்த மலை என்று கேளுங்கள். அவருடைய கணவர் இருக்கும்போது நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். காரில் போகாதீர்கள், வாகனம் நிறுத்த இடமில்லை. திரும்பி வரும்போதும் ரி-பானேயில் வாருங்கள். அதில் யாரும் உங்கள் அப்பப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்தது இவ்வளவுதான். ஒரு சின்னத்தில் எதை வைக்கிறார்கள் என்பது பாதிக் கதை. எதை எடுத்தார்கள், எடுத்தது யார் என்பது மிச்சம். வெஸ்னாவின் நிலவறையில் அறுத்த இடம் சுவரில் தெரிகிறது, அறுத்த கை இன்னது என்றும் தெரிகிறது. எங்கள் சின்னத்தில் அழித்த இடம்கூடத் தெரியவில்லை. கணினியில் அழித்தால் தழும்பு விழாது. தளைநார் ஒருநாளும் இருக்கவில்லை என்று அடுத்த வருடம் சத்தியம் பண்ணுவார்கள்.

சட்டை கொடுத்த அன்று பின்னேரம் குழுவில் எழுதினேன்: "தளைநாரை எடுக்கச் சொல்லி ஆர் ஆர் கை தூக்கினது? பேரைச் சொல்லுங்கோ." எல்லாரும் வாசித்துவிட்டார்கள் என்று நீலக்கோடு காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் விளையாட்டுப் போட்டிக்கு வாழைப்பழம் வாங்குவது பற்றிக் கேட்டார். அதற்கு ஐந்து நிமிடத்தில் பதினொரு பதில்.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து அதையே கேட்டேன். "அப்பா, நீங்கள் கை தூக்கினீங்களோ?"

அவர் சொதிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். அகப்பையால் இரண்டு தரம் கலக்கினார். ஊற்றவில்லை.

நான் கேட்டதைத் திரும்பக் கேட்கிறேன், இந்தமுறை எல்லாரும் வாசிக்கிற இடத்தில். ஒருமனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனது யாருடையது? பெயரைச் சொல்லுங்கள்.